நாற்பத்தெட்டாம் எண் பொத்தான்

டாக்டர் விருபாட்ச சக்கரம் வைத்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சண்டை விமானம் ஓட்டிய காலத்தில், எதிரியின் குண்டுக்கு இரையானதைவிடப் பின்சுவரில் மோதியதுதான் அதிகம். விமானத்தின் மூக்கைத் திருப்பக் காலால் பெடலை ஓங்கி மிதிப்பார். திரையில் விமானம் வலப்பக்கம் திரும்பும். அதே நொடியில் நாற்காலி கடகடவென்று பின்னால் ஓடி அலமாரியில் முட்டும். ஜாய்ஸ்டிக் மேஜையோடு நின்றுவிடும். கைக்கும் அதற்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குள் யாராவது வந்து அவரைச் சுட்டுவிட்டுப் போவார்கள்.

பெரும்பாலும் அந்த யாராவது, மரங்கொத்தி.

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்ப்யூட்டரில் சண்டை விமானம் ஓட்டும் குழுக்களில் இரண்டு பேர்போனவை. ஒன்று, விருபாட்ச இருந்த பசவனகுடி குழு. மற்றொன்று ராஜாஜிநகர் குழு. ராஜாஜிநகர்க்காரர்கள் எல்லோரும் பறவைப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள்: ஆந்தை, தூக்கணாங்குருவி, மைனா. அவர்களில் பொல்லாதது மரங்கொத்தி. முகம் தெரியாது, குரல் தெரியாது. ஆளைச் சுட்டு வீழ்த்தியதும் திரையில் ஒரே ஒரு வார்த்தை மட்டும் தட்டி அனுப்பும்: 'வலிச்சுதா?'

இருபத்திரண்டு வருஷமாக நோயாளிகளிடம் தினம் முப்பது தடவை அதே கேள்வியைக் கேட்டுவந்த பல் டாக்டருக்கு, அதைத் தன்னிடம் யாரோ கேட்பது தாங்க முடியாததாக இருந்தது. எதிரி மீசை முறுக்கிய இருபத்தைந்து வயதுத் தடியன் என்று மனதுக்குள் ஓர் உருவம் வரைந்து வைத்திருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் கிளினிக்குக்குப் புது நாற்காலி வந்தது. பல் பார்க்கும் பழைய நாற்காலியை எடுத்துப் போக ஆள் வந்து நின்றபோது, விருபாட்ச அதை ஒரு முறை சுற்றி வந்தார். நூற்றெண்பது கிலோ. தரையோடு போல்ட் போட்டது. எவ்வளவு மிதித்தாலும் அசையாது. முதுகைச் சாய்த்தால் நிஜமான சண்டை விமானத்தின் இருக்கை போலவே சாயும்.

"இது போக வேணாம். பின்ரூமுக்கு நகர்த்துங்க," என்றார்.

"எதுக்கு டாக்டரே?" என்று கேட்டாள் கௌரம்மா. கிளினிக் திறந்த நாள் முதல் அவருக்கு உதவியாளர். டாக்டருக்குப் பல்லைத் தெரியும், கௌரம்மாவுக்கு டாக்டரைத் தெரியும்.

"இருக்கட்டும்."

"புரிஞ்சுபோச்சு. ஏரோப்ளேனுக்கு. வீட்டம்மா விரட்டிட்டாங்களா?"

வீட்டில் விரட்டித்தான் இருந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் ஜாய்ஸ்டிக்கைப் பூட்ட நான்கு ஓட்டை போட்ட அன்றே.

அடுத்த மூன்று வாரம் விருபாட்சவுக்குத் திருவிழா. மத்தியானம் கிளினிக்கைச் சாத்தியதும் எலக்ட்ரானிக் சாமான் விற்கும் எஸ்.பி. ரோட்டுக்கு ஓடுவார். ஒயரும் சின்னச் சின்னப் பொத்தான்களும் வாங்கி வருவார். ஜன்னல் கம்பி செய்யும் பட்டறையில் இரும்புப் பட்டை வளைத்து, ஜாய்ஸ்டிக் இரண்டு முழங்காலுக்கும் நடுவில் நிற்கும்படி பூட்டினார். கருவிகள் வைக்கும் தட்டு இருந்த நாற்காலிக் கையில், இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் ஏறிக்கொண்டது. பெடல்களைக் கனமான தகட்டில் இறுக்கினார்.

முதல் நாள் ஓட்டிப் பார்த்தபோது த்ராட்டிலை முன்னால் தள்ளத் தள்ள விமானம் வேகம் குறைந்து, கடைசியில் வானத்தில் நின்று, கல் மாதிரி விழுந்தது. திசையை மாற்றி அமைத்தார். இரண்டாம் நாள், கையை எடுத்தாலும் விமானம் தானாக இடப்பக்கம் சாய்ந்தது. ஜாய்ஸ்டிக் குச்சியின் நடுவில் கொஞ்சம் இடத்தை உணர்ச்சி இல்லாமல் செய்ய வேண்டும் என்று படித்துத் தெரிந்துகொண்டார்.

"நடுவுல ஊசி போட்டு மரத்துப்போக வைக்கணும், அவ்வளவுதான்," என்று கௌரம்மாவுக்கு விளக்கினார்.

"குச்சிக்குமா ஊசி? உங்ககிட்ட யாரும் தப்பிக்க முடியாது டாக்டரே."

மூன்றாம் நாள் நாற்காலியை ஏற்றி இறக்கும் பழைய கால்விசையைக் கழற்ற மறந்துபோனார். வானில் குட்டிக்கரணம் அடிக்கும்போது குதிகால் அதில் பட்டுவிட்டது. நாற்காலி விர்ரென்று மேலே எழும்பி, தனக்கும் மேஜைக்கும் நடுவில் அவரை நசுக்கிக்கொண்டு நின்றது. கௌரம்மா வந்து இறக்கிவிடும்வரை அவர் அங்கேயே இருந்தார்.

"பறக்கிறேன்னீங்க. நிஜமாவே பறந்துட்டீங்களே!"

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி, பொத்தான்கள். மொத்தம் முப்பத்திரண்டு. துப்பாக்கிக்கு ஒன்று, ஏவுகணைக்கு ஒன்று, சக்கரம் இறக்க ஒன்று, எதிரியின் ஏவுகணையை ஏமாற்ற நெருப்புப் பொறி உதிர்க்க ஒன்று. எது எதற்கு என்பது பரபரப்பில் மறந்துபோகிறது. ஒருநாள் குளிக்கும்போது பளிச்சென்று தோன்றியது. முப்பத்திரண்டு! வாயிலும் அத்தனைதானே? பல்லுக்கு எண் வைத்துத்தானே இவ்வளவு வருஷம் பிழைப்பு நடக்கிறது? மேல்வரிசை வலது முன்பல் பதினொன்று, கீழ்வரிசை வலது கடைசி ஞானப்பல் நாற்பத்தெட்டு. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பொத்தான்களைப் பல்வரிசை மாதிரியே வளைவாக அமைத்து, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டினார். அடிக்கடி தேவைப்படும் துப்பாக்கி, பதினொன்று. எப்போதாவது தொடும் சக்கரம், நாற்பத்தெட்டு.

கௌரம்மா அதைப் பார்த்துவிட்டு முதல் தடவையாகக் கேலி பண்ணவில்லை. "இது எனக்கே புரியுதே!" என்றாள்.

ஒரே ஒரு கோளாறுதான் தீரவில்லை. தலையைத் திருப்பினால் திரையில் பார்வையும் திரும்ப வேண்டும் என்று, தொப்பியில் கண்ணுக்குத் தெரியாத ஒளி வீசும் மூன்று சின்ன விளக்கு பொருத்தியிருந்தார். மானிட்டர் மேல் இருந்த கேமரா அந்த மூன்றையும் பார்த்துத் தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கண்டுகொள்ளும். நன்றாகத்தான் வேலை செய்தது. ஆனால் சண்டையின் நடுவில், திடீரென்று பார்வை விண்ணென்று மேலே போய் வானத்தை வெறிக்கும். எதிரி எங்கே, பூமி எங்கே, ஒன்றும் தெரியாது. சுற்றிலும் நீலம். அதற்குள் திரையில் எழுத்து வந்துவிடும்: 'வலிச்சுதா?'

கேமராவை மாற்றினார். ஒயரை மாற்றினார். தொப்பியையே மாற்றினார். குணமாகவில்லை.

இப்படியிருக்க, வருஷாந்திரப் போட்டி வந்துவிட்டது. பசவனகுடிக்கும் ராஜாஜிநகருக்கும் பக்கத்துக்கு ஐந்து பேர். ஆளுக்கு ஒரே உயிர். ஞாயிறு காலை பத்து மணி.

ஞாயிற்றுக்கிழமை கௌரம்மா வரத் தேவையில்லை. ஆனால் பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னால், ஓட்டலில் கட்டிய காராபாத் பொட்டலத்தோடு வந்து நின்றாள்.

"நீ எங்க வந்த?"

"நீங்க சண்டை போடறதைப் பார்க்கத்தான். நோயாளிகிட்டத்தான் இதுவரைக்கும் பார்த்திருக்கேன்."

பின்ரூம் இருட்டாக இருந்தது. பொத்தானின் எண் தெரிய வேண்டுமே என்று, நாற்காலியோடு வந்திருந்த பழைய விளக்கை விருபாட்ச வழக்கம்போலத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டார். தொப்பியை மாட்டினார். ஸ்பீக்கரில் குழுத்தலைவர் பூணச்சாவின் குரல் வந்தது. காபிக்கொட்டை வியாபாரி. கொடகு ஆள். சாதாரணமாகப் பேசினாலே மலைக்கு அந்தப்பக்கம் கேட்கும். யாரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"குரு! நல்ல சேதி! மரங்கொத்தி வரலையாம்! உடம்பு சரியில்லையாம்! அவங்க நாலு பேர்தான்!"

விருபாட்சவுக்கு, வலித்த பல்லுக்கு மரத்துப்போகும் ஊசி போட்ட மாதிரி இதமாக இருந்தது. "பாவம்," என்றார், மனசில்லாமல்.

அரைமணி நேரத்தில் இரண்டு பக்கமும் ஆட்கள் விழுந்தார்கள். பசவனகுடியில் மிஞ்சியது பூணச்சாவும் விருபாட்சவும். ராஜாஜிநகரில் மூன்று பேர். விருபாட்ச கடலுக்கு மேல் உயரத்தில் ரோந்து சுற்றிக்கொண்டிருந்தபோது, கிளினிக்கின் வெளிக்கதவை யாரோ தட்டினார்கள். தட்டவில்லை, இடித்தார்கள்.

கௌரம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். "டாக்டரே, ஒரு அம்மா. ஸ்கூட்டர்ல வந்திருக்காங்க. பல்வலி."

"நாளைக்கு வரச் சொல்லு."

"ஹெல்மெட்டைக் கழற்ற முடியாம அழறாங்க."

விருபாட்ச திரையைப் பார்த்தார். ரேடாரில் இன்னும் யாரும் இல்லை. ஸ்பீக்கரைப் பார்த்தார். பெருமூச்சு விட்டார். விமானத்தைத் தானாகவே வட்டமடிக்கும்படி விட்டுவிட்டு, "பூணச்சா, நோயாளி வந்திருக்காங்க. ரெண்டு நிமிஷம்," என்றார்.

"குரு! யுத்தத்துக்கு நடுவுல லீவா?"

முன்ரூமில், கௌரம்மா ஒருவழியாகக் கழற்றிவிட்ட ஹெல்மெட்டோடு, ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் வலக்கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பேர் வைஜயந்தி. ராஜாஜிநகரில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாள். பசவனகுடியில் தங்கை வீட்டுக்கு வந்த இடத்தில், காலையில் முறுக்கு மாதிரிக் கெட்டியான கோடுபளே கடித்தபோது டக்கென்று சத்தம் கேட்டதாம். இதையெல்லாம் அவள் சொல்லவில்லை. வாயைத் திறக்கவே முடியவில்லை. போனில் தட்டிக் காட்டினாள். படம் எடுத்துப் பார்த்தார் விருபாட்ச. ஞானப்பல் இரண்டாகப் பிளந்திருந்தது. அதைக் காப்பாற்ற வழியில்லை, எடுத்துவிடுவதுதான் நல்லது என்று சொன்னார். அவள் தலையாட்டினாள். பிபி பார்த்து, கேட்க வேண்டியதைக் கேட்டு, மரத்துப்போகும் ஊசி போட்டார்.

"பத்து நிமிஷம் உட்காருங்க. நல்லா மரத்துப் போகட்டும்."

பத்து நிமிஷம். அவர் வேகமாக நடந்துதான் பின்ரூமுக்குப் போனார். ஓடவில்லை என்று பிற்பாடு சாதித்தார். ஓடினார் என்றாள் கௌரம்மா.

தொப்பியை மாட்டி உட்கார்ந்த கையோடு ரேடாரில் இரண்டு புள்ளி. விமானத்தைச் சாய்த்து, தலையைத் தூக்கி எதிரியைத் தேடினார். பார்வை விண்ணென்று மேலே போனது. நீலம்.

"ஐயோ, மறுபடியுமா! பூணச்சா, எனக்கு ஒண்ணும் தெரியல!"

"உன் பின்னாடி! குரு, உன் பின்னாடி!"

பின்னால் நிஜமாகவே ஆள் இருந்தது. சத்தம் கேட்டு வைஜயந்தி எழுந்து வந்து வாசலில் நின்றிருந்தாள். பல் நாற்காலியையும் ஜாய்ஸ்டிக்கையும் பல்வரிசைப் பொத்தான்களையும் கண்ணை அகலத் திறந்து பார்த்தாள். கேமராவைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள். அண்ணாந்து விளக்கைப் பார்த்தாள். பிறகு ஒரு கையால் கன்னத்தைப் பிடித்தபடியே நேராக வந்து, பட்டென்று விளக்கை அணைத்தாள்.

பார்வை சொன்னபடி கேட்டுக் கீழே இறங்கி நின்றது.

விருபாட்சவுக்குப் புரிந்துவிட்டது. பழைய விளக்கு. எரியும்போது அதிலிருந்தும் அதே கண்ணுக்குத் தெரியாத ஒளி வருகிறது. தலையைச் சாய்க்கும்போதெல்லாம் கேமரா அதைத் தொப்பியின் விளக்கு என்று நினைத்துக்கொண்டு ஏமாந்திருக்கிறது! மூன்று வாரமாக அவர் தலைமேலேயே உட்கார்ந்திருந்த எதிரி. "அம்மா, நீங்க தெய்வம்!" என்று கத்திவிட்டுத் திரும்பினார். ஓர் ஏவுகணை. ஆந்தை விழுந்தது. ஒரு வளைவு, இன்னோர் ஏவுகணை. தூக்கணாங்குருவி விழுந்தது.

விழுந்தவர்களின் பெயர் திரையில் வர வர, பின்னால் நின்றவளின் தொண்டையிலிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது. இரண்டாவது முனகல் முதலாவதைவிடப் பெரிது.

"வலிக்குதா? இதோ வந்துட்டேன்," என்றார் விருபாட்ச. கடிகாரத்தைப் பார்த்தார். பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அந்த நொடியில் பூணச்சாவின் விமானமும் விழுந்தது. ஸ்பீக்கரில் கொடகு மொழியில் அர்ச்சனை. இனி பசவனகுடிக்கு இவர் ஒருவர். ராஜாஜிநகருக்கு மைனா ஒருத்தர்.

"குரு, நீ மட்டும்தான்! எங்கேயும் போயிடாதே!"

விருபாட்ச எழுந்துவிட்டார். எழுந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. தொப்பியைக் கழற்றிக் கௌரம்மா கையில் கொடுத்தார்.

"தானா வட்டமடிக்கும். நீ ஒண்ணும் பண்ண வேணாம். அடிச்சுட்டான்னா போகட்டும்."

"உங்க கூட நான் நிக்க வேணாமா டாக்டரே?"

"முதல்ல சோதிச்சுப் பார்க்கணும். கூப்பிட்டா வா."

முன்ரூமில் கையைக் கழுவிக் கையுறை போட்டுக்கொண்டு, "உதடு மரத்துப் போச்சா?" என்று கேட்டார். வைஜயந்தி போனில் தட்டி நீட்டினாள்.

'மரத்துப் போச்சு. நீங்க இப்ப சுட்ட ரெண்டு பேரும் என் ஆளுங்க. நான் மரங்கொத்தி.'

விருபாட்ச அதை இரண்டு தடவை படித்தார். மனதில் இத்தனை நாளாக இருந்த மீசைக்காரத் தடியன் மெள்ள மறைந்து, அந்த இடத்தில் பச்சைப் பருத்திச் சேலையும் வீங்கிய கன்னமும் வந்து உட்கார்ந்தன.

"அப்ப ஏங்க அந்த விளக்கை அணைச்சீங்க?"

'தப்பாப் பூட்டின மெஷினைப் பார்த்தா என் கை சும்மா இருக்காது. பேரை அப்புறம்தான் பார்த்தேன்,' என்று தட்டினாள். யோசித்துவிட்டு இன்னொரு வரியும் சேர்த்தாள்: 'பழிவாங்கிடாதீங்க.'

"சண்டை அந்த ரூம்ல. இந்த ரூம்ல நான் உங்க டாக்டர். சாய்ஞ்சுக்குங்க."

பல்லில் கைவைக்கும் முன் அதன் எண்ணை உரக்கச் சொல்வது அவருடைய நெடுநாள் வழக்கம். தப்பான பல்லில் கைபோய்விடக் கூடாதே. அவர் சொல்வார், கௌரம்மா சீட்டில் எழுதுவாள். கண்ணாடியை உள்ளே விட்டு, படத்தோடு ஒப்பிட்டு, பழக்கத்தில் குரல் கொடுத்தார்.

"நாற்பத்தெட்டு!"

பின்ரூமில் சடக்கென்று ஒரு சத்தம். தொடர்ந்து பூணச்சா அலறினார். "யாருய்யா அது சண்டைக்கு நடுவுல சக்கரத்தை இறக்கினது!"

விருபாட்சவின் கை அசையவில்லை. கண் மட்டும் ஒரு தடவை மூடித் திறந்தது. இருபது வருஷமாக அவர் எண் சொன்னால் கௌரம்மாவின் கை தானாக வேலை செய்யும். இன்று அந்தக் கைக்கு எட்டிய இடத்தில் சீட்டுக்குப் பதில் பொத்தான் இருந்திருக்கிறது.

"ஐயையோ... குரு! அவன் உன்னைத் தாண்டி முன்னாடி போயிட்டான்! சக்கரம் இறங்கினதுல நீ திடீர்னு நின்னுட்டே, அவனால நிறுத்த முடியல! உன் மூக்குக்கு முன்னாடி இருக்கான்!"

அதைக் கேட்டும் கேட்காதவராக விருபாட்ச கண்ணாடியை மேல்வரிசைக்கு நகர்த்தினார். முன்பல்லின் ஓரத்திலும் ஒரு சின்ன உடைசல். கோடுபளே அங்கேயும் வேலை காட்டியிருந்தது. அதையும் குறித்தாக வேண்டும். அவர் சத்தியம் செய்து சொல்வார், குறித்தாக வேண்டும் என்பது மட்டும்தான் அவர் மனதில் இருந்தது.

"பதினொண்ணு!"

டடடடடடட என்று பின்ரூம் அதிர்ந்தது. அதற்குப் பிறகு பூணச்சா சொன்னது எதுவும் மனிதமொழியாக இல்லை.

நாற்காலியில் சாய்ந்திருந்த வைஜயந்தியின் தோள் குலுங்கியது. பயந்துபோய்க் கண்ணாடியை எடுத்துவிட்டுப் பார்த்தார். அழவில்லை. மரத்துப்போன பாதி வாயால், கோணல்மாணலாக, கண்ணில் நீர் வழியச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய சொந்தப் பல்லே அவளுடைய குழுவைத் தோற்கடித்திருந்தது.

"கௌரம்மா! இங்க வா! கையைக் கழுவிட்டு வா!"

பல் இரண்டு துண்டாக, சிக்கல் இல்லாமல் வந்தது. தையல் போட்டு, பஞ்சு வைத்துக் கடிக்கச் சொல்லிவிட்டு விருபாட்ச கையுறையைக் கழற்றினார். பிறகு, தன்னால் அடக்க முடியாமல், ரொம்பப் பணிவாகக் கேட்டார்: "வலிச்சுதா?"

வைஜயந்தி அவர் முழங்காலில் செருப்புக் காலால் ஓர் உதை விட்டாள்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து தொடங்கியது. ஓட்டியவர் குழுவில் பெயர் கொடுக்காத ஆள், வெற்றி செல்லாது என்றது ராஜாஜிநகர். கௌரம்மா குச்சியைத் தொடவே இல்லை, விமானம் தானாகப் பறந்தது, வழியில் இரண்டு பொத்தான் தானாக அமுங்கியது என்று வாதாடினார் பூணச்சா. மைனா என்ற பெயரில் பறந்தவர் நிஜத்தில் ஒரு ரிட்டையர்டு தாசில்தார். பல் பிடுங்கும் எண்ணுக்குத் தான் பலியானதை எந்த ஆவணத்திலும் ஏற்க மாட்டேன் என்றார். கடைசியில் போட்டியை மறுபடி நடத்துவது என்று முடிவானது. கூடவே ஒரு நிபந்தனை. கௌரம்மா எந்தக் குழுவிலாவது முறைப்படி சேர வேண்டும்.

தையல் பிரிக்கும் நாளில் வைஜயந்தி அவர்கள் இருவரையும் ராஜாஜிநகருக்கு அழைத்துப் போனாள். டிரைவிங் ஸ்கூலின் பின்கொட்டகையில், ஓட்டக் கற்றுக்கொள்பவர்கள் இடித்து இடித்து ஓய்ந்துபோன ஒரு பழைய காரின் முன்பாதி நின்றிருந்தது. முன்கண்ணாடி இருந்த இடத்தில் மானிட்டர். கியர் கம்பி இருந்த இடத்தில் த்ராட்டில். கிளட்சும் பிரேக்கும்தான் பெடல்கள்.

விருபாட்ச அதைக் கோயில் மாதிரி சுற்றிவந்தார். "பெடலுக்கு எந்த ஸ்பிரிங் போட்டீங்க?"

"கார்ல இருந்ததேதான். இழுவை கொஞ்சம் அதிகம். ஆனா கால் தடுமாறாது," என்றாள் வைஜயந்தி. வாய் திறந்து பேசினால் அவள் பேச்சு டிரைவிங் பாடம் எடுக்கும் தோரணையில் இருந்தது. "உங்க பெடல் ரொம்ப லேசு. அன்னிக்கே பார்த்தேன்."

"அப்ப சொல்லலையே?"

"வாயில பஞ்சை வெச்சது யாரு?"

கௌரம்மா அதற்குள் கார் இருக்கையில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். பெடலை மிதித்துப் பார்த்தாள். குச்சியை அசைத்துப் பார்த்தாள்.

"யோசிச்சுட்டேன் டாக்டரே. நான் இவங்க குழுவுல சேர்ந்துக்கிறேன்."

விருபாட்சவின் முகம் ஊசியில்லாமலே மரத்துப்போனது. "கௌரம்மா! இருபது வருஷம்!"

"அதனாலதான். ஆறு நாள் நீங்க சொல்ற நம்பரைக் கேக்கறேன். ஏழாம் நாளாவது உங்களைச் சுட வேண்டாமா?" என்றவள், வைஜயந்தி பக்கம் திரும்பினாள். "எனக்கு என்ன பறவைங்க மேடம் மிச்சம் இருக்கு?"

வைஜயந்தி விரல் விட்டு எண்ணத் தொடங்கினாள். விருபாட்ச இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தரையில் குந்தி, காரின் அடியில் தலையை விட்டு, அந்த ஸ்பிரிங்கின் நீளத்தை விரலால் அளக்க ஆரம்பித்தார்.